சர்க்கரைக்கு ஓர் எல்லை: மருந்தில்லா நீரிழிவு மேலாண்மையில் இலக்கு எண்களின் வரலாறும் எடப்பாடி வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் வகை நீரிழிவை மருந்தின்றி, உணவாலும் உடலுழைப்பாலும் கட்டுப்படுத்த முனைவோர் எந்த இரத்தச் சர்க்கரை அளவை இலக்காகக் கொள்ள வேண்டும் என்னும் வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. சிறுநீரின் தெளிவு, சர்க்கரையற்ற சிறுநீர், வெறும்வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி என அவ்விலக்கு காலந்தோறும் மாறி வந்துள்ளது. இம்மாற்றங்களை நிரல்படுத்தி, சென்னையில் நிகழ்ந்த ஆய்வுகளின் இடத்தைச் சுட்டி, சேலம் மாவட்டத்து எடப்பாடி போன்ற விசைத்தறி நகரில் அவ்வரலாறு எவ்வாறு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எண் மட்டும் இலக்காகாது. காலவரம்பும் மீள்அளவையும் சேர்ந்தபோதே அது இலக்காகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, மதுமேகம், இரத்தச் சர்க்கரை, உணவுமுறை, எடப்பாடி, மருத்துவ வரலாறு

முன்னுரை

சரபங்கா ஆற்றங்கரையில் அமைந்த எடப்பாடி விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். தைப்பூசத்தை ஒட்டி இவ்வூர்ப் பருவதராஜகுலத்தார் காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்வதும், மலைமீது தங்கி டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்துப் பகிர்வதும் நெடுங்கால மரபு. வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் தேனும் நெய்யும் கலந்த அப்பிரசாதம் வீடுதோறும் வந்து சேரும் நாளில், நீரிழிவு உடையவர் ஒருவர் அதனை எவ்வளவு உண்ணலாம் என்று கேட்பது இயல்பு. அக்கேள்விக்குப் பின்னால் மற்றொரு கேள்வி நிற்கிறது: அவருக்குரிய எல்லை எது? அதனை வகுத்தவர் யார்?

நோய் கண்டறியப்பட்டவுடன் மாத்திரையைத் தொடங்காமல், உணவை மாற்றியும் நடந்தும் உடலைத் திருத்த விரும்புவோர் பலர். அவர்களுக்குச் சொல்லப்படும் எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும். ஆய்வகத் தாளில் 100 என்றும், மருத்துவர் வாயிலாக 130 என்றும், அக்கம்பக்கத்தார் வாயிலாக 200 வரை குற்றமில்லை என்றும் கேட்க நேர்கிறது. இவ்வெண்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக, வெவ்வேறு கருவிகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவற்றின் பிறப்பை அறிந்தால் முரண்பாட்டின் பெரும்பகுதி நீங்கும். இக்கட்டுரையில் இரத்தச் சர்க்கரை எண்கள் யாவும் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அளவில் தரப்படுகின்றன.

எண்ணுக்கு முந்தைய இலக்கு

சுசுருதர், சரகர் பெயர்களில் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்கள் பிரமேகம் இருபது என வகுத்து, அவற்றுள் முற்றிய நிலையை மதுமேகம் எனக் குறித்தன. தமிழ்ச் சித்த மருத்துவ மரபும் மேகநோய்களை இருபதாக வகுத்து, நீரிழிவையும் மதுமேகத்தையும் விரித்துரைத்தது. சிறுநீரை நோக்கி நோயறியும் நீர்க்குறி, நெய்க்குறி என்னும் முறைகள் தேரையர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. சிறுநீரை எறும்பு மொய்ப்பதை நோய்க்குறியாகக் கொண்டதும் பழைய வழக்கே.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, பிறவியோடு வருவது, தவறான உணவாலும் வாழ்முறையாலும் வருவது என நோயைச் சுசுருத நூல் இரண்டாகப் பிரித்தது. பின்னதற்கு உடலுழைப்பை மருந்தாக வகுத்தது: நெடுந்தொலைவு நடத்தல், பசுக்களைப் பின்தொடர்தல், கிணறு தோண்டுதல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இரண்டாவது, நோய் தணிந்ததை எவ்வாறு அறிவது என்பதற்கும் அந்நூல் விடை கூறிற்று. சிறுநீர் பிசுபிசுப்பும் கலங்கலும் நீங்கித் தெளிவுற்று, கைப்பும் கார்ப்பும் உடையதாக மாறுமாயின் நலம் எய்தியதாகக் கொள்ளலாம் என்பது அதன் கருத்து. மருந்தில்லா மேலாண்மைக்கு வகுக்கப்பட்ட மிகப் பழைய இலக்குகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம். எண் இல்லாவிடினும் இலக்குக்குரிய இலக்கணம் அதில் உண்டு: கண்டறியத்தக்க குறி, அதனை அடையும் வழி, அடைந்ததை உறுதிசெய்யும் சோதனை.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து, முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே நலத்தின் அடிப்படையாக முன்வைக்கிறது. அது நீரிழிவைப் பற்றிய அதிகாரம் அன்று. எனினும், உணவின் அளவை உடலின் நிலையே தீர்மானிக்க வேண்டும் என்னும் நெறி பின்வரும் வரலாறு முழுவதற்கும் பொருந்துவதாகும்.

சர்க்கரையற்ற சிறுநீர்

ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் 1674-இல் நீரிழிவாளர் சிறுநீரின் இனிப்பைப் பதிவு செய்தார். அவ்வினிப்பு சர்க்கரையே என்பதையும், இரத்த நீரிலும் அது உண்டு என்பதையும் 1776-இல் மாத்தியூ டாப்சன் எடுத்துக்காட்டினார். 1797-இல் ஜான் ரோல்லோ, தாவர உணவைக் குறைத்து இறைச்சியையும் கொழுப்பையும் மிகுதியாகக் கொண்ட உணவுமுறையை முன்வைத்தார். 1870-71-இல் பாரிசு முற்றுகையின்போது உணவு அருகியதால் நீரிழிவாளர் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை அப்போலினேர் பூசார்தா கவனித்தார். நோயாளிகள் தம் சிறுநீரைத் தாமே சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. அளவை நோயாளியின் கைக்கு வந்தது அவரிடமிருந்துதான்.

ஆங்கில மருத்துவ உலகம் இந்தியரின் நீரிழிவைத் தனியாக விவாதித்ததும் இக்காலத்தை ஒட்டியே. 1907-இல் பிரித்தானிய மருத்துவச் சங்கக் கூட்டத்தில் வெப்ப மண்டலத்து நீரிழிவு பற்றிய விவாதம் நிகழ்ந்தது. வங்காளத்தின் கற்ற வகுப்பினரிடையே இந்நோய் மிகுந்திருந்ததும், அரிசியும் இனிப்பும் மிகுந்து உழைப்புக் குறைந்த அவர்களின் வாழ்முறையும் அதில் பேசப்பட்டன.

1910களில் அமெரிக்காவில் பிரடெரிக் ஆலன் கடும் பட்டினி முறையைக் கையாண்டார். சிறுநீரில் சர்க்கரை முற்றும் மறையும்வரை பட்டினி. பின்னர்ச் சர்க்கரை மீண்டும் தோன்றும் எல்லைவரை சிறிது சிறிதாக உணவு. இன்சுலின் இல்லாத அக்காலத்தில் சிலருக்கு இது வாழ்நாளை நீட்டித்தது. வேறு சிலர் பசியாலேயே மாண்டனர். இலக்கு எண்ணை அடைவதும் நலம் அடைவதும் ஒன்றல்ல என்பதை மருத்துவ வரலாறு முதலில் உணர்த்திய இடம் இது. 1922 சனவரியில் டொராண்டோவில் லியனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டதும் பட்டினி முறை வழக்கொழியத் தொடங்கியது. 1936-இல் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு இணங்கும் நீரிழிவு, இணங்காத நீரிழிவு என நோயைப் பிரித்துக் காட்டினார். பின்னதே இன்று இரண்டாம் வகை எனப்படுவதன் முன்வடிவம்.

இக்காலம் முழுவதும் நடைமுறை இலக்கு சர்க்கரையற்ற சிறுநீரே. நீலநிற பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுச் சூடாக்கினால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என அது மாற மாறச் சர்க்கரை மிகுதி. இம்முறையின் குறையை உடலியங்கியல் விளக்குகிறது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதனை வெளியேற்றும். அந்த வாசலும் ஆளுக்கு ஆள் மாறுபடும். முதுமையில் உயரவும் கூடும். ஆகவே, நீலநிறம் இரத்தச் சர்க்கரை இயல்பானது என்பதற்குச் சான்றன்று. 100 உடையவருக்கும் 170 உடையவருக்கும் சோதனைக் குழாய் ஒரே நிறத்தையே காட்டும். கருவி காணக்கூடிய எல்லையே இலக்கின் எல்லையாகவும் அமைந்தது.

இரத்தத்துக்கு மாறிய அளவை

1960களின் நடுப்பகுதியில் இரத்தத் துளியை ஏற்று நிறம் மாறும் பட்டைகளும், 1970களின் தொடக்கத்தில் அந்நிறத்தை எண்ணாக மாற்றும் கருவியும் வந்தன. அளவை சிறுநீரிலிருந்து இரத்தத்துக்கு மாறியபோது, எந்த எண்ணிலிருந்து நோய் தொடங்குகிறது என்னும் வினா கூர்மையுற்றது. 1979-இல் அமெரிக்கக் குழுவும் 1980-இல் உலக சுகாதார நிறுவனமும் வெறும்வயிற்றில் 140, குளுக்கோசு பருகி இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200 என நோயின் எல்லையை வகுத்தன. கண்ணின் விழித்திரை பாதிக்கப்படத் தொடங்கும் அளவு இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட்டது. நோய்க்கும் இயல்புக்கும் இடைப்பட்ட நிலைக்கும் அப்போது தனிப்பெயர் கிடைத்தது.

1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும்வயிற்று எல்லையை 126 ஆகக் குறைத்தது. 1999-இல் உலக சுகாதார நிறுவனமும் அதனை ஏற்றது. 130 உடைய ஒருவர் 1996-இல் நோயாளி அல்லர், 1998-இல் நோயாளி. அவர் உடலில் மாற்றமில்லை. கோடு மட்டுமே இடம்பெயர்ந்தது. இயல்பின் மேல்எல்லையை 2003-இல் அமெரிக்கச் சங்கம் 110-இலிருந்து 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனமோ 110-லேயே நின்றது. ஆய்வகத் தாள்கள் ஒன்றோடொன்று வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையில் மற்றோர் அளவை வளர்ந்தது. 1968-இல் தெகரானில் சாமுவேல் ரகுபர், நீரிழிவாளரின் குருதிச் சிவப்புப் பொருளில் சர்க்கரை ஒட்டிய ஒருவகை மிகுந்திருப்பதைக் கண்டார். சிவப்பணுக்களின் வாழ்நாள் சற்றொப்ப மூன்று, நான்கு மாதம் ஆதலின், அவ்வகையின் விழுக்காடு அண்மை மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். ஏ1சி எனப்படும் இவ்வளவையில் 6.5 விழுக்காட்டை 2010-இல் அமெரிக்கச் சங்கமும் 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் நோயின் எல்லையாக ஏற்றன. 7 விழுக்காடு என்பது ஏறத்தாழ 154 சராசரிக்கு நிகர்.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். 126 என்பது நோயை அறிவிக்கும் கோடு. வெறும்வயிற்றில் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180-க்குள், ஏ1சி 7-க்குள் என்பன அமெரிக்கச் சங்கம் வகுத்த சிகிச்சை இலக்குகள். 100-க்குக் கீழ் என்பது நோயற்றவரின் இயல்பு. மூன்றும் மூவேறு வினாக்களுக்கான விடைகள். இவற்றை ஒன்றாகக் கருதுவதே குழப்பத்தின் வேர்.

சென்னை அளித்த பாடம்

தமிழகத்தில் நீரிழிவுக்கெனத் தனிப்புறநோயாளர் பிரிவை 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையையும் அவர் நிறுவினார். மேனாட்டு நூல்கள் மாவுச்சத்தைப் பெரிதும் விலக்கச் சொன்ன காலத்தில், தானியமே உணவின் அடிப்படையான தமிழருக்கு அது நெடுநாள் கைக்கொள்ள இயலாதது என்பதை அவர் உணர்ந்தார். மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை அவரும் அவர்தம் குழுவினரும் வலியுறுத்தினர். இலக்கை அடையும் வழி வட்டார உணவிலிருந்தே பிறக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு இது முன்னோடி.

மக்கள்தொகை ஆய்வுகள் நோயின் வளர்ச்சியைக் காட்டின. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில் நகரில் 2.1, ஊரகத்தில் 1.5 விழுக்காட்டினரிடம் நீரிழிவு காணப்பட்டது. 1980களின் இறுதியில் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 8.2 விழுக்காட்டையும் ஊரகத்தில் 2.4 விழுக்காட்டையும் கண்டனர். 2006-இல் அக்குழுவினர் மீண்டும் அளந்தபோது சென்னையில் 18.6, காஞ்சிபுரம் நகரில் 16.4, பண்ருட்டியை அடுத்த ஊர்களில் 9.2 விழுக்காடு என அமைந்தது. தறியால் வாழும் நடுத்தர நகராகிய காஞ்சிபுரம் பெருநகரை ஏறத்தாழ எட்டிவிட்டது என்பது எடப்பாடியை நோக்கும்போது கருதத்தக்கது. 2023-இல் வெளிவந்த இந்திய அளவிலான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும் தமிழகத்தில் 14.4 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது.

மருந்தில்லா மேலாண்மைக்குச் சென்னை அளித்த முதன்மைச் சான்று, 2006-இல் இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். நோயின் வாயிலில் நின்ற 531 பேர் நான்கு பிரிவாயினர். மூன்றாண்டு முடிவில், பொது அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளராயினர். உணவு, உடலுழைப்பு மாற்றத்தைக் கைக்கொண்டோரில் 39.3, மெட்பார்மின் உண்டோரில் 40.5, இரண்டும் சேர்ந்தோரில் 39.5. வாழ்முறை மாற்றம் மாத்திரைக்கு நிகராக நின்றது; இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் இல்லை.

இவ்வாய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. வாழ்முறையை மாற்றியோரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் நோய் குறைந்தது. அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த இதனையொத்த ஆய்வில் எடைக்குறைப்பே பயனின் பெரும்பகுதிக்குக் காரணமாகக் கருதப்பட்டது. சென்னை ஆய்வில் பங்கேற்றோர் அவர்களைவிட மெலிந்தவர்கள். மெலிந்த தோற்றத்திலும் உட்கொழுப்பு மிகுந்த இந்திய உடலுக்கு எடைமானியைக் காட்டிலும் சர்க்கரைமானியே நம்பத்தக்க சான்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

உணவு மட்டும்: ஒரு பெரும் ஆய்வின் சான்று

நோய் உறுதியானவருக்கு உணவு மட்டும் எவ்வளவு தூரம் துணைநிற்கும்? இதற்கு விரிவான விடையைத் தந்தது, 1977 முதல் 1991 வரை 5102 பேரைச் சேர்த்து 1998-இல் முடிவுகளை வெளியிட்ட ஐக்கிய இராச்சிய நீரிழிவு ஆய்வு. புதிதாக நோய் கண்டறியப்பட்ட அனைவரும் முதல் மூன்று மாதம் உணவுமுறையை மட்டும் கைக்கொண்டனர். இக்காலத்தில் சர்க்கரை கணிசமாக இறங்கியது. எனினும் வெறும்வயிற்றுச் சர்க்கரை 108-க்குக் கீழ் இறங்கியோர் சிறுபான்மையினரே.

பின்னர் ஒரு பிரிவினர் மருந்துகளால் 108-ஐ இலக்காகக் கொண்டனர். மற்றொரு பிரிவினர் உணவால் இயன்றவரை கட்டுப்படுத்தினர். 270-ஐக் கடந்தாலோ நோய்க்குறிகள் தோன்றினாலோ மட்டுமே அவர்களுக்கு மருந்து. பத்தாண்டுக் கால ஏ1சி முதற்பிரிவில் 7.0, இரண்டாம் பிரிவில் 7.9. இந்த 0.9 வேறுபாடு கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பை 25 விழுக்காடு குறைத்தது. உணவு ஒன்றையே கொண்டோரில் ஒன்பதாம் ஆண்டில் ஏ1சி 7-க்குக் கீழ் இருந்தோர் 9 விழுக்காட்டினர். மருந்து உண்டோரிலும் இவ்விழுக்காடு குறைந்தே வந்தது என்பதால், இதனை உணவின் தோல்வியாக மட்டும் கொள்ளலாகாது. நோயின் இயல்பே முன்னேறுவது. ஆய்வு முடிந்த பத்தாண்டுக்குப் பின்னரும் தொடக்கக் காலக் கட்டுப்பாட்டின் பயன் நிலைத்தது என 2008-இல் அறியப்பட்டது. எனவே தொடக்க ஆண்டுகளை உயர்ந்த சர்க்கரையோடு கழிப்பது பின்னர் ஈடுசெய்ய இயலாத இழப்பாகக் கூடும்.

அதே 2008-இல் அமெரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வந்தது. 10,251 பேரைக் கொண்ட அக்கார்டு ஆய்வில், ஏ1சியை 6-க்குக் கீழ் இறக்கப் பல மருந்துகளைச் செலுத்திய பிரிவில் இறப்பு மிகுந்தமையால் அம்முயற்சி இடையில் நிறுத்தப்பட்டது. இதிலிருந்து தாழ்ந்த எண் தீது என்று முடிவு செய்வோர் உளர். அவ்வாய்வு சோதித்தது நெடுநாள் நோயும் இதயப் பாதிப்பின் இடரும் உடையோரிடம் மருந்துகளைக் கூட்டி எண்ணை விரைந்து இறக்கும் முறையை. இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ கொள்ளாதவருக்கு உணவாலும் நடையாலும் 95-க்கு இறங்கும் சர்க்கரை தாழ்சர்க்கரை இடரைப் பொதுவாகத் தருவதில்லை. மருந்துண்போருக்கு இலக்கு ஏன் தளர்த்தப்படுகிறது என்பதன் முதன்மைக் காரணம் மருந்தில்லாதவருக்கு இல்லை.

2017-இல் பிரித்தானியாவில் வெளிவந்த டைரக்டு ஆய்வு இலக்கை மேலும் உயர்த்தியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரிக்கு மிகாத உணவைச் சில மாதம் கைக்கொண்டு எடை குறைத்தோரில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோயெல்லைக்குக் கீழ் நின்றனர். 2021-இல் பன்னாட்டு வல்லுநர்கள், மருந்தை நிறுத்தி மூன்று மாதமேனும் ஏ1சி 6.5-க்குக் கீழ் நிற்பதை நோய்த்தணிவு என வரையறுத்தனர். தணிவு என்ற சொல் எண்ணித் தேரப்பட்டது. குணம் என்று அவர்கள் கூறவில்லை. எடை திரும்பினால் நோயும் திரும்பும்.

எடப்பாடியின் உணவும் உழைப்பும்

சேலம், நாமக்கல் சமவெளி மானாவாரி நிலம் மிகுந்தது. கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை ஆகியன அதன் பழைய பயிர்கள்; களியும் கூழும் அன்றாட உணவு; நெற்சோறு விருந்துக்குரியது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றதும், பின்னர்ச் சேலம், ஈரோடு, நாமக்கல் பகுதிகளுக்குக் கால்வாய்ப் பாசனம் வந்ததும் நிலத்தை மாற்றின. 1967-இன் படியரிசித் திட்டம் முதல் 2011-இல் தொடங்கிய விலையில்லா 20 கிலோ அரிசி வரை பொது வழங்கல் பசியைப் போக்கியது. அப்பேறு எளிதன்று. எனினும் அதன் உடன்விளைவாகத் தீட்டிய அரிசி மூவேளைக்கும் உரிய உணவாயிற்று. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலும் இவ்வட்டாரத்துக்கே உரியது. அது ஏறத்தாழத் தூய மாவுப்பொருள்.

உழைப்பின் வடிவமும் மாறியது. கைத்தறியில் காலும் கையும் ஓயாது இயங்கின. விசைத்தறியில் இயந்திரம் நெய்கிறது. மனிதர் நெடுநேரம் நின்று அறுந்த இழையை முடிக்கிறார். இரவுப் பணியும் இடையிடையே சர்க்கரையிட்ட தேநீரும் இதனோடு சேர்கின்றன. உடல் அயர்கிறது, ஆனால் தசைகள் சர்க்கரையை எரிக்கும் அளவுக்கு இயங்குவதில்லை. நாள் முழுவதும் உழைக்கிறேன், தனியே நடக்க வேண்டுமா என்னும் நெசவாளரின் கேள்விக்கு இவ்வேறுபாடே விடை.

பழைய உணவுக்குத் திரும்பினால் போதும் என்பதும் முழு விடையன்று. நைசாக அரைத்த கேழ்வரகில் செய்த களி சர்க்கரையை விரைந்து உயர்த்தக்கூடும். அளவு மிகுந்தால் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. சிறுதானியம் என்ற பெயர் காப்பாகாது. பதமும் அளவும் உடன் உண்ணும் கீரையும் பருப்பும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கும். ஒரே உணவை உண்ணும் முன்னும் இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் அளந்து பார்ப்பதே இதனை அறியும் நேர்வழி. அரிசியுண்ணும் நம் மக்களில் வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்பாகத் தோன்றியும் உணவுக்குப் பின் மிகுந்து உயர்வோர் பலர்; காலை எண் ஒன்றையே நம்பினால் அவர்கள் தப்பிவிடுவர்.

ஏ1சிக்கும் ஓர் எல்லை உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர். இரும்புச்சத்துக் குறைவு ஏ1சியை உண்மையினும் உயர்த்திக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய்களில் அது தாழ்ந்து காட்டும். ஆகவே தறிக்கூடத்துப் பெண் ஒருவரின் ஏ1சியைக் குருதிச் சிவப்பளவோடும் விரல்நுனி அளவைகளோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை அளவை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பூசார்தா நோயாளியின் கையில் தந்த அளவை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தமிழகத்து ஊர்களில் பொதுவுடைமையாயிற்று எனலாம். எஞ்சி நிற்பது எண்ணுக்குப் பொருள் கூறும் பணி.

இலக்கின் மூன்று கூறுகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மருந்தில்லா மேலாண்மைக்குரிய இலக்கின் கூறுகளைத் தொகுக்கலாம்.

முதலாவது எண். மருந்துண்போருக்கு வகுத்த 130, 180, 7 என்பன மருந்தில்லாதவருக்கு மேல்எல்லைகளே. தாழ்சர்க்கரை இடர் இல்லாமையால், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர் ஏ1சி 6.5-க்குக் கீழ் என்னும் தணிவின் எல்லையை நாடலாம். முதியோரும் உடல் நலிந்தோரும் அவ்வளவு இறுக்கம் கொள்ள வேண்டுவதில்லை. எண்ணுக்காகப் பசித்து மெலிவது அவர்களுக்குத் தீங்கு. ஆலன் காலத்துப் பட்டினி இதற்குச் சான்று.

இரண்டாவது காலம். மருந்தில்லா வழியின் உண்மையான இடர் காலத்தாழ்வே. 160-ஐயோ 190-ஐயோ இன்னும் சில நாள் பார்ப்போம் என்று ஆண்டுகளாகக் கடத்துவோர் வலியை உணர்வதில்லை. கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் ஓசையின்றிக் கெடும். ஐக்கிய இராச்சிய ஆய்வின் மூன்று மாதத் தொடக்கக் காலமும், ஏ1சியின் மூன்று மாத இயல்பும் பொருந்துவது கருதத்தக்கது. மூன்று மாதம் உண்மையாக முயன்றும் எண் இறங்கவில்லையாயின் மருந்தைச் சேர்ப்பது தோல்வியன்று.

மூன்றாவது மீள்அளவை. இலக்கை எட்டியவர் அளப்பதை நிறுத்தலாகாது. ஒன்பதாம் ஆண்டின் 9 விழுக்காடு அதனை வலியுறுத்துகிறது. ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றின் சோதனையும் இதில் அடங்கும்.

இவற்றுக்குப் புறத்தே சில எல்லைகளும் உண்டு. முதல் வகை நீரிழிவினருக்கு மருந்தில்லா வழி இல்லை. இன்சுலினை நிறுத்துவது உயிருக்கு இறுதி. கருவுற்ற பெண்களுக்குரிய இலக்குகள் வேறு. அவற்றை மருத்துவரே வகுக்க வேண்டும். மிகு தாகம், எடை இழப்பு, வாந்தி ஆகியவற்றோடு சர்க்கரை மிக உயர்ந்து நிற்பின் காத்திருத்தல் தகாது. முன்னரே மாத்திரை உண்போர் அதனைத் தாமே நிறுத்துவதும் தகாது.

முடிவுரை

நீரிழிவின் இலக்கு ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்துக் கருவி காட்டக்கூடியதாகவே அமைந்தது. சுவையும் எறும்பும் தெளிவான சிறுநீரைக் கேட்டன. பெனடிக்ட் கரைசல் நீலநிறத்தைக் கேட்டது. பட்டையும் ஆய்வகமும் எண்ணைக் கேட்டன. கோடுகள் நகர்ந்தன, இன்னும் நகரக்கூடும். நகராமல் நின்றது சுசுருத நூலிலேயே காணப்படும் அமைப்பு: குறி, வழி, உறுதிசெய்யும் சோதனை. அதனோடு அண்மைக்கால ஆய்வுகள் காலவரம்பைச் சேர்த்தன.

எடப்பாடியின் நெசவாளர் ஒருவருக்கு இவ்வரலாறு தருவது நடைமுறைப் பயன். தமக்குச் சொல்லப்பட்ட எண் நோயை அறிவிக்கும் கோடா, மருந்துண்போரின் இலக்கா, நோயற்றவரின் இயல்பா என்று அவர் கேட்கலாம். தம் தட்டில் உள்ள களியையும் சோற்றையும் தாமே அளந்து ஒப்பிடலாம். மூன்று மாதக் கெடுவைத் தம் மருத்துவரோடு சேர்ந்து குறித்துக்கொள்ளலாம். பஞ்சாமிர்தத்தின் அளவையும் அவ்வாறே அறியலாம்: விரலளவு உண்டு, இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒரு துளி இரத்தத்தைக் கேட்டால், அவருக்குரிய எல்லையை அவர் உடலே கூறிவிடும்.